கன்னம்தான் கஷ்டம்: ரோமில் தலை செய்யப் பழகிய நாட்கள்

திங்கள்

டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கவாட்டில், தண்டவாளங்களைத் தாண்டினால் சான் லொரென்ஸோ. சுவரெல்லாம் கிறுக்கல், கல்லூரிப் பிள்ளைகள், மலிவான பீட்சாக் கடைகள். சுற்றுலா வருகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் தலைகாட்டுவதில்லை. பட்டறை இங்கேதான், ஒரு முற்றத்தின் கோடியில் இருக்கிறது. பழைய ரோமானியத் தலைச்சிற்பங்களைப் பார்த்து, அதே அளவில் களிமண்ணில் திரும்பச் செய்து பழகும் வகுப்பு.

முகம் செய்வதுதான் எனக்குப் பிழைப்பே. ஆனால் எல்லாம் திரையில், கணினி விளையாட்டுகளுக்காக. அங்கே முகத்தின் வலப்பாதியைச் செய்தால் இடப்பாதி தானாக வந்துவிடும், அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அந்தப் பொத்தானை வருடக்கணக்காக அழுத்தி அழுத்தி, நான் செய்யும் முகங்கள் எல்லாம் ஒரே குடும்பத்து ஆட்கள் போல ஆகிவிட்டன. அதனால்தான் இந்த வகுப்பு.

அலமாரிகளில் பிளாஸ்டர் தலைகள் வரிசையாக இருந்தன. ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ், அவர் மனைவி லிவியா, பின்னால் வந்த பேரரசர்கள் வெஸ்பாசியன், ஹேட்ரியன், முறைத்தபடி கழுத்தைத் திருப்பும் கரகல்லா, அப்புறம் பெயர் தெரியாத கிழவர்கள் சிலர். ஆசிரியைக்கு அறுபதைத் தாண்டிய வயது. கல்வேலை செய்து காய்த்துப்போன கை. "யார் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்லாரும் போய்க் கிழவர்களையே எடுத்தோம். அவர் சிரித்தார், ஏன் என்று சொல்லவில்லை.

கூடப் படிப்பவர்களில் இருவர் ஏற்கெனவே நண்பர்களாகிவிட்டார்கள். ஒருவர் நேப்பிள்ஸில் பல்செட் செய்து கொடுப்பவர். இன்னொருவர் ஃபிரான்ஸின் லியோன் நகரிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா.

இன்றைக்கு முகத்தின் பக்கமே போகவில்லை. பலகையில் ஒரு கம்பு நட்டு, அதில் கம்பி சுற்றி, கம்பியின் நுனியில் சின்ன மரச் சிலுவைகளைத் தொங்கவிட்டோம். இதற்கு இங்கே 'ஃபர்ஃபால்லா', அதாவது பட்டாம்பூச்சி என்று பெயர். ஈரக் களிமண் தன் பாரத்தாலேயே கீழே இறங்கிவிடும். உள்ளே இந்தச் சிலுவைகள் குறுக்கே இருந்தால் மண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். நடுவில் செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாகக் கட்டினோம், பாரம் குறைய. அதன்மேல் மண். நிஜ அளவுத் தலை என்றால் பத்துக் கிலோவுக்கு மேல் சுலபமாகப் போகும்.

மாலையில் எல்லார் பலகையிலும் ஒரு கழுத்தும் முட்டை வடிவில் ஒரு கட்டியும் இருந்தன. கழுத்து நேராக நிற்கக்கூடாது, முன்னால் சாய்ந்து போகவேண்டும் என்பதை மட்டும் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் போய்த் திரும்பத் திரும்பச் சொன்னார்.

செவ்வாய்

காலை முழுக்கக் கவராயம். வளைந்த இரண்டு கால் கொண்ட பெரிய கவராயத்தை மாதிரித் தலையில் வைத்து அளந்து, அப்படியே கொண்டுவந்து மண்ணில் வைக்க வேண்டும். காதுத்துளையிலிருந்து மூக்கு நுனி, காதுத்துளையிலிருந்து முகவாய், காதுத்துளையிலிருந்து புருவ நடு. எல்லா அளவும் காதுத்துளையிலிருந்துதான் கிளம்புகிறது. முகத்தில் அசையாத இடம் அது ஒன்றுதானாம். கண், மூக்கு, வாய் எல்லாம் பிற்பாடு இடம் மாறலாம். காது மட்டும் முதல் நாளே தன் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும்.

மூக்கு வைக்க யாரையும் விடவில்லை. முதலில் பக்கவாட்டுக் கோடு. நெற்றியிலிருந்து முகவாய் வரை, உச்சியிலிருந்து பிடரி வரை. அதன்பின் மாதிரியையும் நம் மண்ணையும் சுழல்பலகையில் ஒரே அளவு திருப்பி, மறுபடி விளிம்பு பார்ப்பது. இன்னும் கொஞ்சம் திருப்பி மறுபடி. ஒரு முழுச் சுற்று வருவதற்குள் மத்தியானமாகிவிட்டது. முகத்தின் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு முகம் திரளுவதை இத்தனை நாள் நான் கவனித்ததில்லை. திரையில் சுழற்றிப் பார்ப்பேன்தான், ஆனால் அங்கே கண் எப்போதும் கண்ணையும் வாயையும் தேடித்தான் போகும்.

என் கிழவர் கோணல். பொதுவாகச் சொல்கிற 'முகம் இரண்டு பாதியும் ஒன்றாக இருக்காது' என்ற கோணல் இல்லை இது. இடக்கன்ன எலும்பு பின்வாங்கி, தாடை வலப்பக்கம் விலகி, மூக்குத்தண்டு அந்த விலகலை ஈடுகட்டுவது போல மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. அவரைச் செய்த ஆள் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். கி.மு. முதல் நூற்றாண்டு ஆள். எந்தப் பொத்தானும் அவரிடம் இல்லை.

புதன்

பட்டறைக்கு விடுமுறை. காப்பிடோலைன் அருங்காட்சியகம் போனேன். 1471இல் போப் நான்காம் சிக்ஸ்டஸ் ரோம் மக்களுக்குக் கொடுத்த வெண்கலச் சிலைகளில் தொடங்கிய சேகரிப்பு; 1734இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பேரரசர் கூடம் என்று ஒரு அறை. சுவரை ஒட்டி இரண்டு அடுக்கில் 67 மார்பளவுச் சிலைகள். பெரும்பாலானவர்கள் இதை ஒரு நிமிடத்தில் கடந்துபோகிறார்கள், சொன்னால் தப்பில்லை, முதல் பார்வைக்குச் சலிப்பூட்டும் அறைதான். ஆனால் நேற்று முழுக்கக் கவராயம் பிடித்தவனுக்கு அது வேறு அறை. சிற்பி எங்கே உளியோடு நின்றார், எங்கே துரப்பணத்தை எடுத்தார் என்று தேடிக்கொண்டே போனேன்.

ஃபொன்சேகா தலை என்று அழைக்கப்படும் பெண்ணை அங்கேதான் பார்த்தேன். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். நெற்றிக்கு மேல் ஒரு மதில் போல எழும் சுருள்முடி. ஒவ்வொரு சுருளின் நடுவிலும் துரப்பணத்தால் ஆழமாகத் துளைத்திருக்கிறார்கள். துளைக்குள் வெளிச்சம் போகாததால் சுருள் தானாகக் கறுப்பாகத் தெரிகிறது. வெள்ளைச் சலவைக்கல்லில் கறுப்பு வண்ணத்தை நிழலாலேயே வாங்கியிருக்கிறார் அந்த மனிதர். கழுத்தும் கன்னமும் எந்தத் தடயமும் இல்லாத வழவழப்பு. முடியின் சத்தமும் தோலின் அமைதியும் பக்கத்தில் பக்கத்தில். எல்லாரும் கொண்டாடுவது முடியைத்தான். எனக்கு அவள் கழுத்து பெரிதாகப் பட்டது.

கண்மணிகளையும் கவனித்தேன். ஹேட்ரியன் காலம் வரைக்கும், அதாவது சுமார் கி.பி. 130 வரை, கல்லில் கண் வெறும் உருண்டைதான். கருவிழியை வண்ணத்தில் தீட்டினார்கள். வண்ணம் போய்விட்டதால் இன்று அகஸ்டஸ் குருடர் போல நம்மைத் தாண்டிப் பார்க்கிறார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் கருவிழியைக் கீறி, பாவையைத் துளைத்துவிட்டார்கள். அதனால் பிற்காலத்து ஆட்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. அறையைச் சுற்றி நடந்தாலே எவர் முந்தி, எவர் பிந்தி என்று ஓரளவுக்குப் பிரித்துவிடலாம். முழுத் தாடி வைத்த முதல் பேரரசர் ஹேட்ரியன் என்பது இன்னொரு அடையாளம். சிலையின் வெட்டும் காலம் சொல்லும். ஆரம்பத்தில் கழுத்தோடு கொஞ்சம் நெஞ்சு மட்டும். போகப் போகத் தோள் வருகிறது, பிறகு புஜத்தின் மேல்பாகமும் வருகிறது.

முற்றத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைனின் ராட்சதத் தலை. 1486இல் மாக்சென்டியஸ் மண்டபத்தில் கிடைத்த துண்டுகளில் ஒன்று. தலை மட்டும் 2.6 மீட்டர். அதன் காலடியில் நின்று முகம் பார்க்க முடியாது, முகவாயைத்தான் பார்க்கலாம். வேறொருவர் தலையைத் திருத்தி இவராக்கியதாக ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் வில்லா கஃபரெல்லி தோட்டத்தில் அதே சிலையை முழுதாகத் திரும்பச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வைத்தது, 13 மீட்டர் உயரம். எஞ்சிய பத்துத் துண்டுகளைப் புகைப்படங்களால் அளந்து, கணினியில் இடைவெளிகளை நிரப்பி, பிசினும் பளிங்குத் தூளும் தங்கத்தாளும் கொண்டு எழுப்பியது. என் தொழிலில் பயன்படுத்தும் அதே வகை மென்பொருள், அதே முறை. பெருமையாக இருக்கவேண்டும்தான். தங்க ஆடையோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து அசந்தேன், படம் எடுத்தேன், பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். முற்றத்து உடைந்த தலையிடம் ஒரு மணி நேரம் இருந்தவன் நான். உயரம், உட்காரும் தோரணை, ஆடையின் நிறம் எல்லாவற்றையும் தோட்டத்துச் சிலை சொல்லிவிடுகிறது. உளி எங்கே போயிற்று என்பது மட்டும் அதில் கிடையாது. ஏனென்றால் உளி அங்கே போகவே இல்லை.

வியாழன்

இன்று வாய்.

கிழவர்களின் வாயைச் செய்வதில் நாங்கள் எல்லாரும் திணறிக்கொண்டிருக்க, நேப்பிள்ஸ்காரர் அலட்டிக்கொள்ளாமல் அரை மணியில் முடித்துவிட்டார். "இவருக்கு மேல்வரிசையில் கடைவாய்ப் பற்கள் இல்லை. முன்பல் இருக்கிறது. அதனால்தான் உதடு நடுவில் நிற்கிறது, ஓரத்தில் உள்ளே போகிறது" என்றார். என் கிழவரைப் பார்த்து, "இவருக்கு எதுவுமே இல்லை, பாவம்" என்றார். உதட்டைச் செய்வதை விட்டுவிட்டு, உள்ளே பல் இல்லாத ஈறை முதலில் வைத்து, அதன்மேல் உதட்டைப் போர்த்தினேன். வாய் வந்துவிட்டது. மூக்கிலிருந்து இறங்கும் மடிப்பும் அதுவாகவே வந்தது.

இந்த ரோமானியக் கிழவர்கள் ஏன் இப்படித் தங்கள் பொக்கைவாயையும் மருவையும் மறைக்காமல் கல்லில் வெட்டிக்கொண்டார்கள்? மத்தியானச் சாப்பாட்டில் அதுதான் பேச்சு. உயர்குடி வீடுகளின் முன்கூடத்தில் மூதாதையரின் மெழுகு முகங்களைப் பேழைகளில் வைத்திருந்தார்கள். சாவு ஊர்வலத்தில் அதே உயரமும் நடையும் உள்ள ஆட்கள் அந்த முகங்களை அணிந்து, அவரவர் வகித்த பதவிக்குரிய உடையில் வருவார்கள். மன்றத்தில் யானைத்தந்த நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் இதை விவரித்திருக்கிறார். செத்துப்போன தாத்தாக்கள் எல்லாரும் கூட்டமாக வந்து உட்காரும் வீட்டில், முகம் யாருடையது என்று தெரியாமல் போனால் எப்படி? ஜாடைதான் சொத்து.

ஆனால் ஆசிரியை இதையும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு கிழவர்களை எடுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நெற்றி வரிகள் ஒரே மாதிரி, கண்ணோரச் சுருக்கம் ஒரே மாதிரி, வாயோர மடிப்பும் அதே. "முதுமையும் ஒரு சீருடைதான்" என்றார். பொறுப்பானவன், அனுபவசாலி, நாட்டுக்காக உழைத்துத் தேய்ந்தவன் என்று காட்டிக்கொள்ள அந்தக் காலத்து அரசியல்வாதிக்குச் சுருக்கம் தேவைப்பட்டது. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் தலைவர்கள் நாற்பது வயதிலேயே நின்றுவிடுகிறார்கள். இவர்கள் எழுபதில் போய் நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

சனி

ஓஸ்டியென்ஸே சாலையில் ஒரு பழைய மின்நிலையம் இருக்கிறது, சென்ட்ராலே மொண்டெமார்டினி. 1912இல் திறந்தது. மின்சாரம் தயாரிப்பதை நிறுத்தி வெகுகாலம் கழித்து, 1997இல் காப்பிடோலைன் சிலைகள் பலவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். 7500 குதிரைசக்தி கொண்ட கறுப்பு டீசல் இயந்திரத்துக்கு முன்னால் வெள்ளைத் தலைகள் நிற்கின்றன. ஒரு தலையைப் பார்க்க இதைவிட நல்ல பின்புலம் நான் கண்டதில்லை. கூட்டமும் இல்லை. ரோம் போகிறவர்கள் ஒரு வரிசையைக் குறைத்துக்கொண்டு இங்கே வரலாம்.

பார்பெரினி டோகாட்டஸ் இங்கேதான். டோகா என்ற ரோமானிய மேலாடை அணிந்த ஒருவர், இரண்டு கையிலும் இரண்டு மூதாதையர் தலைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கையிலுள்ள இரண்டு தலைகளுக்கும் ஜாடை ஒத்துப்போகிறது. ஆனால் சிலையின் சொந்தத் தலை காணாமல் போய், வேறொரு பழைய தலையைப் பிற்காலத்தில் பொருத்தியிருக்கிறார்கள். ஆக, என் அப்பாவும் தாத்தாவும் இவர்கள் என்று காட்டவந்தவருக்குத்தான் முகம் கிடையாது. அந்த ஒட்டுத் தலை எங்கே சேர்கிறது என்று கழுத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் காவலர் எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிறு

பலாட்சோ மாஸ்ஸிமோ, டெர்மினிக்கு எதிரே. காயம்பட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் வெண்கலக் குத்துச்சண்டை வீரரைப் பார்க்கத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். 1885இல் குவிரினால் குன்றில் கிடைத்தவர். ரத்தத்துக்குச் செம்பு பதித்திருக்கிறார்கள். அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது டிவோலி தளபதியிடம். சுருங்கிய கிழட்டு முகம், அதற்குக் கீழே கிரேக்க வீரனின் கட்டுடல். தலை ஒரு மரபிலிருந்து, உடம்பு ஒரு மரபிலிருந்து. செய்தவர்களுக்கு இதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. முகம் ஆளைச் சொல்லவேண்டும், உடம்பு அந்தஸ்தைச் சொல்லவேண்டும். இரண்டும் ஒரே மனிதனுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும் என்ற கவலை நம்முடையது.

அகஸ்டஸ் தலையில் டோகாவை முக்காடாகப் போட்டு நிற்கிறார், தலைமைப் பூசாரிக் கோலம். 1910இல் லபிகானா சாலையருகே கிடைத்த சிலை. தலையை வேறு கல்லில் தனியாகச் செய்து உடம்பில் செருகியிருக்கிறார்கள். அவர் அந்தப் பதவிக்கு வந்தது கி.மு. 12இல், ஐம்பது வயதில். முகத்தில் ஒரு களைப்பு உண்டு, கன்னம் லேசாக வற்றியிருக்கிறது. ஆனால் சுருக்கம்? ஒன்றுகூட இல்லை. கி.பி. 14இல் எழுபத்தைந்து வயதில் இறக்கும்வரை அவர் சிலைகள் முதுமை அடையவே இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட தலைகள் கிடைத்திருக்கின்றன, எல்லாம் இளையவர்கள். கிழவர்களின் சீருடையைக் கழற்றிப்போட்டு, இவர் வேறு சீருடை தைத்துக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் காசுகள். லியோன் அம்மாவும் கூட வந்திருந்தார். சிலைகளுக்குப் பெயர் பலகை இல்லாத நிலையில், எந்தத் தலை எந்தப் பேரரசர் என்று கண்டுபிடிக்க உதவியதே காசுதான். அதில் முகமும் இருக்கும், சுற்றிப் பெயரும் இருக்கும். அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றைக் காட்டி, "இது எங்கள் ஊர்ப் பக்கம் நிறையக் கிடைத்திருக்கிறது" என்றேன். அவர் நம்பவில்லை. பின்பக்கம் பேரன்கள் கையஸும் லூசியஸும் நிற்கும் அகஸ்டஸ் காசும், அவருக்கு அடுத்து வந்த டைபீரியஸின் காசும்தான் தென்னிந்தியாவில் அகப்பட்ட ரோமானிய வெள்ளியில் மிக அதிகம். அவற்றை அச்சடித்த இடம் லுக்டுனம், அதாவது இன்றைய லியோன். மிளகு வாங்க நம் கரைக்கு வந்த முகங்கள் அவர் ஊரில் அடித்தவை. இதைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும், ஏதோ சம்பந்தம் பேசி முடித்தது போல எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

புதுக்கோட்டைப் புதையலையும் சொன்னேன். 1898இல் கிடைத்த தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. காசாகச் செல்லாமல் வெறும் பொன்னாக மதிக்கப்படட்டும் என்று வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். ரோமில் தலையை ஒட்டவைக்க இத்தனை பாடு, அங்கே ஒரே போடு.

திங்கள்

கிழவரைப் பட்டறையில் ஈரத்துணி போர்த்தி ஓரமாக வைத்தாயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாரும் 'அச்சு அசல்' என்றார்கள். ஆசிரியை மட்டும் அகஸ்டஸைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். அன்றைக்கு அவர் சிரித்த காரணம் மத்தியானத்துக்குள் புரிந்துவிட்டது.

சுருக்கம் உதவி செய்கிறது. ஒரு மடிப்பை அதன் இடத்தில் போட்டால் கண் அதைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் இருப்பதையெல்லாம் மன்னித்துவிடும். கன்ன எலும்பு கொஞ்சம் தள்ளியிருந்தாலும் கிழவர் கிழவர்தான். அகஸ்டஸிடம் அந்தச் சலுகை கிடையாது. கன்ன எலும்பிலிருந்து தாடைவரை ஒரே பரப்பு, ஒரு கோடு கிடையாது, ஒரு குழி கிடையாது. ஆனால் அது தட்டையும் இல்லை. வெளிப்பக்கம் வளைந்து, வாயோரத்தில் மிக மெல்ல உள்வாங்கி, மறுபடி எழுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் குழந்தை, குறைந்தால் நோயாளி.

திரையில் இப்படிப்பட்ட கன்னத்தை மென்மையாக்கும் தூரிகையால் இரண்டு தேய்ப்பில் முடிப்பேன். அந்தக் கன்னங்களில் எதுவுமே இல்லை என்பது இன்றுதான் உறைக்கிறது. வழவழப்பு வேறு, வெறுமை வேறு. இந்தக் கன்னத்துக்குள் எலும்பு இருக்கிறது, மெல்லும் தசை இருக்கிறது, அதன்மேல் கொழுப்பு இருக்கிறது, கடைசியில்தான் தோல். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, பிறகு ஒன்றையும் காட்டாமல் மூடியிருக்கிறார்கள்.

ஆசிரியை எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தார். மாதிரியின் கன்னத்தில் நிழல் ஒரு நீண்ட சரிவாக இறங்கியது. என்னுடையதில் திட்டுத் திட்டாக நின்றது. "விரலால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பளபளக்கும், சரியாகாது. மண்ணை வையுங்கள், இல்லை எடுங்கள்" என்றார். பயறு அளவு மண் வைத்து, மரக்கத்தியால் அழுத்தி, விளக்கில் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்து. மாலைவரை ஒரு கன்னம்தான்.

புதன்

அகஸ்டஸின் முடி. இதைப்பற்றி ஆய்வாளர்கள் சண்டையே போடுவார்கள் என்று கேள்விப்பட்டபோது வேடிக்கையாக இருந்தது. நெற்றியில் ஒரு பக்கம் கற்றைகள் கவையாகப் பிரிகின்றன, மறுபக்கம் இரண்டு கற்றைகள் இடுக்கி போல ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன. 1863இல் பிரிமா போர்ட்டாவில், அவர் மனைவி லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில் கிடைத்த புகழ்பெற்ற சிலையில் உள்ள இந்த ஒழுங்கு, பேரரசின் பல மூலைகளில் செய்த தலைகளிலும் அப்படியே வருகிறது. தலைநகரில் ஒரு மூலமாதிரி செய்து, அதன் படிகளை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கற்றைகள்தான் சாட்சி. முகம் கொஞ்சம் மாறினாலும் முடியின் ஒழுங்கை மாற்றக்கூடாது போல.

ஆக, நான் இன்று செய்தது இரண்டாயிரம் வருடம் முன்பு சிற்றாசியாவிலோ எகிப்திலோ ஒரு பட்டறை ஆள் செய்த அதே வேலை: எதிரே ஒரு படி, அதைப் பார்த்து இன்னொரு படி. அவரும் பேரரசரை நேரில் கண்டிருக்கமாட்டார். நகல் எடுப்பதைப் பற்றி நாம் இளக்காரமாகப் பேசுகிறோம். இந்தத் தலைகளில் பெரும்பாலானவை நகல்களே.

கற்றை ஒவ்வொன்றும் வால் போல வளைந்து கூராகிறது. முதலில் கற்றைகளைக் கூட்டமாக வைத்து, மண்டை வடிவம் கெடாமல் பார்த்துக்கொண்டு, பிறகுதான் பிரிக்கவேண்டும். பின்தலையில் ரோமானியச் சிற்பிகளே சலித்துப்போய்ச் சும்மா கீறிவிட்டிருக்கிறார்கள். சுவரோரம் வைக்கிற தலைக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள். நானும் அதையே பின்பற்றினேன், வரலாற்று நேர்மையோடு.

வெள்ளி

அச்சு எடுக்கும் நாள். பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி சொல்கிறார்: சிக்யோன் ஊர் லிசிஸ்ட்ராட்டஸ், பெரிய சிற்பி லிசிப்பஸின் சகோதரர், மனித முகத்திலேயே பிளாஸ்டர் அச்சு எடுத்து அதில் மெழுகு ஊற்றித் திருத்தினாராம், அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தானாம். அதற்கு முன்பு சாயலைப் பார்க்காமல், எவ்வளவு அழகாகச் செய்யலாம் என்றே பார்த்தார்களாம். பிளாஸ்டர் கலக்கும்போதெல்லாம் ஆசிரியை இவரைத் திட்டுகிறார், சோம்பேறி என்று.

தலையின் நடுவே, காதுக்குப் பின்னால் இருந்து உச்சிவழியாக மறு காதுக்குப் பின்வரை, மெல்லிய பித்தளைத் தகடுகளை வேலி போலச் செருகினோம். அச்சு இரண்டாகப் பிரிய வழி அது. பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பிளாஸ்டரில் ஊற்றக்கூடாது. மேலே திட்டுகள் முளைத்து நிற்கும்போது தூவுவதை நிறுத்திவிட்டுக் கையால் கலக்கவேண்டும். முதல் பூச்சில் மட்டும் கொஞ்சம் நீலப்பொடி. அதைக் கையால் விசிறி அடித்தோம், கண்ணோரம், மூக்குத்துளை, கற்றை இடுக்கு எல்லாம் போய்ச் சேரவேண்டும். அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டர் தடிமனாக.

இறுகும்போது பிளாஸ்டர் சூடாகிறது. கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி. நர்ஸ் அம்மா பழக்கத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இறங்கிவிடும்" என்றார்.

மாலையில் இரண்டு பாதியையும் பிரித்து, மண்ணையெல்லாம் தோண்டி எடுத்தோம். இத்தனை நாள் உழைத்த கன்னம், கற்றை எல்லாம் உருண்டையாகித் தொட்டிக்குப் போனது. உள்ளே எதிர்ப்பதமாக ஒரு முகம் பள்ளமாக இருந்தது. சோப்புக் கரைசல் பூசி, பாதிகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே பிளாஸ்டர் ஊற்றிச் சுழற்றிச் சுழற்றி, கனமில்லாமல் கூடாக வார்த்தோம்.

சனி

மழுங்கிய உளியும் மரச்சுத்தியும். வெளி அச்சை உடைத்து உள்ளே இருப்பவரை மீட்பது. ஒரே ஒரு வார்ப்புதான் கிடைக்கும், அச்சு போய்விடும். வெள்ளையைத் தைரியமாகத் தட்டி எடுக்கலாம். நீலம் தெரிந்தால் நிறுத்தி நிதானமாகப் போகவேண்டும், அடுத்து இருப்பது தோல். நீலப்பொடி எதற்கென்று நேற்று கேட்டவர்களுக்கு இன்று விளக்கமே தேவைப்படவில்லை.

முதலில் பிடரி வந்தது, பிறகு காது, பிறகு நெற்றிக் கற்றைகள். மூக்கைக் கடைசிவரை விட்டுவைக்கச் சொன்னார்கள். அது உடையாமல் இருக்கச் சுற்றிலும் உள்ளதை முதலில் எடுக்கவேண்டும். ரோமில் எத்தனை தலைக்கு மூக்கு இல்லை என்று யோசித்தபடியே தட்டினேன். நேப்பிள்ஸ்காரரின் கிழவருக்கு இடது காதுமடலில் ஒரு சில்லு போனது. "இப்போதுதான் பழைய தலை மாதிரி இருக்கிறது" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வெள்ளையாக வெளியே வந்ததும் என் அகஸ்டஸ் கொஞ்சம் வேறு ஆளாகத் தெரிந்தார். ஈர மண்ணின் கருநிறம் மறைத்துவைத்ததையெல்லாம் வெள்ளை காட்டிக்கொடுக்கிறது. ஆசிரியை தாழ்வான விளக்கை வைத்துச் சுற்றிவந்தார். முடி நன்றாக இருக்கிறது, வாய் சரி, வலக்கன்னம் நல்ல கன்னம். இடக்கன்னத்தில் தாடைக்கு மேலே ஓர் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இங்கே இன்னும் பேச்சு முடியவில்லை" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய அரத்தை எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டர் ஈரமாக இருக்கும்வரை அரம் நன்றாகப் பிடிக்கும், காய்ந்தால் கீறும், அதனால் இன்றைக்கே முடியுங்கள் என்றார். பட்டறை எட்டு மணிக்கு மூடுகிறது. இப்போது ஐந்தரை.